ஆளும் நாட்டுக்கு ஒரு வரி, அதன் தீவுக்கு வேறு வரி: ஆற்காட்டுத் தோல் முதல் ஃபாக்லாந்து கணவாய் மீன் வரை

2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு பெரிய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நாடுவாரியாக வரியை அறிவித்தபோது, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எல்லோரும் தேடியது இந்தியா என்ற பெயரைத்தான். அதற்கு நேரே 26 என்று இருந்தது. ஆனால் அதே பட்டியலை முழுசாகப் படித்தவர்களுக்கு வேறொரு குழப்பம் வந்தது. பிரிட்டனுக்கு 10 சதவீதம், பிரிட்டனின் கீழ் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளுக்கு 40க்கும் மேல். ஆஸ்திரேலியாவுக்கு 10, ஆஸ்திரேலியாவின் நார்ஃபோக் தீவுக்கு 29. பிரான்ஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால் அதற்கு 20, அதே பிரான்ஸின் ரீயூனியன் தீவுக்கு 37.

கொடி ஒன்று, பாஸ்போர்ட் ஒன்று, ராணுவம் ஒன்று. அப்படியிருக்க வரி மட்டும் எப்படி இரண்டாகிறது?

உடனடிக் காரணம் எளிமையானது. ஒரு இடத்திலிருந்து அமெரிக்கா வாங்குவது எவ்வளவு, அந்த இடத்துக்கு விற்பது எவ்வளவு என்று பார்த்து, பற்றாக்குறையை இறக்குமதித் தொகையால் வகுத்து, வந்ததைப் பாதியாக்கினார்கள். ஃபாக்லாந்தில் மொத்தமே சுமார் 3,500 பேர்தான். மீன் விற்கிறார்கள், அமெரிக்காவிடமிருந்து பெரிதாக எதுவும் வாங்குவதில்லை, அதனால் எண் ஏறிவிட்டது. ஏழு நாளில் உயர்ந்த விகிதங்கள் நிறுத்திவைக்கப்பட்டன, சில மாதம் கழித்து ஃபாக்லாந்தும் 10க்கு இறங்கியது.

ஆனால் அடியில் இருக்கும் காரணம் பழையது. ஒரு நாட்டின் ஆட்சிக்குக் கீழே இருக்கும் நிலப்பகுதியின் சரக்கை அந்த நாட்டின் சரக்காகவே எண்ண வேண்டும் என்று வணிகச் சட்டத்தில் கட்டாயமில்லை. இந்த விஷயம் வேலூர் வட்டாரத்துக்கு ஒன்றும் தூரத்துச் சேதி இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் இந்த ஊர்களின் தோலுக்கும் இதே கதைதான் நடந்தது, அப்போது அந்தத் தீவின் இடத்தில் நாம் இருந்தோம். அதனால் அடிப்படையிலிருந்து ஆரம்பித்து அந்தத் தோல் வரைக்கும், பிறகு இன்றைய ஷூ வரைக்கும் வரலாம்.

முதலில் ஐந்து சொற்கள்

1. சுங்க எல்லை. ஒரு நாட்டின் வரைபட எல்லையும் அதன் சுங்க எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தனக்கென்று தனி வரி விகிதமோ, தனி வணிக விதிகளோ வைத்திருக்கும் எந்த நிலப்பகுதியும் தனி சுங்கப் பகுதிதான் என்கிறது 1947இல் உருவான காட் (GATT) என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் 24ஆவது பிரிவு. ஹாங்காங் சீனாவுக்குள் இருந்தும் தனி சுங்கப் பகுதி. டென்மார்க் மன்னருக்குக் கீழே இருக்கும் ஃபாரோ தீவுகளும் அப்படித்தான்.

2. மிகவும் வேண்டப்பட்ட நாடு. பெயரைப் பார்த்து ஏதோ தனிச் செல்லம் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறோம், உண்மையில் இது சாதாரண நடத்தை. ஒருவருக்குக் கொடுக்கும் வரி விகிதத்தை உறுப்பினர் எல்லோருக்கும் கொடு என்பதே விதி. 2019 பிப்ரவரியில் இந்தியா பாகிஸ்தானிடமிருந்து இந்த அந்தஸ்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரியை 200 சதவீதமாக்கியபோது, பறித்தது பரிசை அல்ல, சாதாரண நடத்தையைத்தான்.

3. சலுகை வரி. மேலே சொன்ன விதிக்கு விலக்காக, சிலருக்கு மட்டும் குறைந்த வரி. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, இரு தரப்பும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். இன்னொன்று, வாங்கும் நாடு தானாகக் கொடுப்பது, வேண்டாம் என்றால் தானாகவே நிறுத்திக்கொள்வது. அமெரிக்கா வளரும் நாடுகளுக்குக் கொடுத்துவந்த பொதுச் சலுகைத் திட்டம் இரண்டாவது வகை. அதில் பெரிய பயனாளியாக இருந்த இந்தியாவை 2019 ஜூன் 5 முதல் ஒரே அறிவிப்பில் நீக்கினார்கள், எதிர்த்துக் கேட்க ஒப்பந்தம் எதுவும் கையில் இல்லை.

4. தோற்ற விதி. சரக்கு எந்த ஊருடையது என்று தீர்மானிக்கும் விதி. ஒரு ஷூவின் தோல் ஒரு நாட்டிலும் அடிப்பாகம் இன்னொரு நாட்டிலும் செய்யப்பட்டிருந்தால் அது யாருடைய ஷூ? சலுகை கிடைக்குமா கிடைக்காதா என்பது பல நேரம் இந்தப் பதிலில்தான் தொங்கும்.

5. ஏற்றுமதி வரி. உள்ளே வருவதற்குப் போடும் வரியைத்தான் நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். வெளியே போவதற்கும் வரி போடலாம். அமெரிக்க அரசியல் சட்டம் இதை அடியோடு தடை செய்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் அப்படித் தடை எதுவும் இல்லை. அங்கேதான் நம் கதை வருகிறது.

1919: பச்சைத் தோலுக்கு 15 சதவீதம்

முதல் உலகப்போருக்கு முன்னால் இந்தியாவிலிருந்து பதனிடாத தோல், அதாவது பச்சைத் தோல், இரண்டு பெரிய வழியில் வெளியே போனது. மாட்டுத்தோல் வணிகம் கல்கத்தாவில் பெரும்பாலும் ஜெர்மன் வணிக நிறுவனங்களின் கையில் இருந்தது, சரக்கு ஹாம்பர்க், பிரேமன் துறைமுகங்களுக்குப் போனது. ஆட்டுத்தோலை அதிகம் வாங்கியது அமெரிக்கா.

சென்னை மாகாணத்தின் கதை கொஞ்சம் வேறு. இங்கே தோலைப் பச்சையாக அனுப்பாமல், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பாதி பதனிட்டு அனுப்பினார்கள். லண்டன் ஏலச் சந்தையில் இதற்குக் கிழக்கிந்தியத் தோல் என்று தனிப் பெயர். இன்றைக்கும் தோல்ஷாப்களில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) என்று சொல்வது அதைத்தான். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியும் அதன் பக்கத்திலும் வளர்ந்த தொழில் இது. அன்றைக்கு இவை எல்லாமே வேலூரைத் தலைநகராகக் கொண்ட வடஆற்காடு ஜில்லா, 2019இல் மூன்றாகப் பிரித்த பிறகு மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன.

போர் வந்ததும் இந்தப் பாதி பதனிட்ட மாட்டுத்தோலுக்குத் திடீர் மதிப்பு. பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்பாகத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தியதால் அரசே விலை வைத்து வாங்கியது, தோல்ஷாப்கள் பெருகின. போர் முடிந்ததும் இரண்டு கேள்விகள் எழுந்தன. ஜெர்மன்காரர்கள் கைக்கு மறுபடி பச்சைத் தோல் போகாமல் எப்படித் தடுப்பது? ராணுவத்துக்கு வேண்டிய தோலைப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள்ளேயே எப்படி நிறுத்துவது?

விடையாக 1919 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது. அதன் சாரம் இரண்டே அம்சம்:

1. இந்தியாவிலிருந்து வெளியே போகும் பச்சைத் தோலுக்கு 15 சதவீதம் ஏற்றுமதி வரி.
2. அந்தத் தோல் சாம்ராஜ்யத்துக்குள் எங்காவது பதனிடப்பட்டால், கட்டிய வரியில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 10 சதவீதம் திரும்பக் கிடைக்கும்.

ஆக, நியூயார்க்கில் வாங்குபவருக்கு 15, லண்டனில் வாங்குபவருக்கு 5. சட்டத்தை நிறைவேற்றிய மத்திய சட்டசபையில் அரசு அதிகாரிகளே பெரும்பான்மை. சரக்கு இங்கிருந்து போகிறது, சட்டமும் இங்கேதான் போடுகிறார்கள், சலுகை மட்டும் கடல் தாண்டி ஒருவருக்குப் போகிறது.

அந்த 10 சதவீதம் யார் பையிலிருந்து போனது?

இந்தக் கட்டுரையில் கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் சலுகை என்ற சொல்லைக் கேட்டதும் யாரோ தாராளமாகக் கொடுத்ததாகவே தோன்றும், கணக்குப் போட்டால்தான் கொடுத்தது யார் என்று தெரியும். புரிவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம், கப்பல் கூலியை விட்டுவிடலாம்.

ஒரு கட்டு ஆட்டுத்தோலுக்கு அமெரிக்க வியாபாரி எல்லாம் சேர்த்து 100 ரூபாய் வரை கொடுக்கத் தயார் என்று வையுங்கள். வரி இல்லாத காலத்தில் அந்த 100ம் இங்கே விற்பவருக்கு வந்தது. 15 சதவீத வரி வந்த பிறகு அவர் விற்பவருக்கு 87 ரூபாய்தான் கொடுப்பார், மீதி 13 வரிக்குப் போய்விடும்.

இப்போது லண்டன் வியாபாரி வருகிறார். அவர் அமெரிக்கரை ஏலத்தில் தோற்கடிக்க 100 கொடுக்க வேண்டியதில்லை. 88 கொடுத்தால் போதும். அதற்கு 5 சதவீத வரி 4 ரூபாய் 40 காசு, ஆக 92 ரூபாய் 40 காசுக்கு அவர் கையில் சரக்கு. அமெரிக்கர் 100 ரூபாய் மதிப்பு வைத்த தோல் அது.

விற்றவர் இழந்தது 12 ரூபாய். அதில் 4 ரூபாய் 40 காசு இந்திய அரசின் கஜானாவுக்குப் போனது, 7 ரூபாய் 60 காசு லண்டன் தோல் பதனிடுபவரின் மிச்சம். லண்டனுக்கு இந்தச் சலுகையைக் கொடுத்தது அரசு என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கும். கொடுத்தது ஆடு வளர்த்தவரும், தோலை உரித்து உப்பு போட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தவரும்தான்.

சரி, நம்ம ஊர் தோல்ஷாப்காரருக்கு என்ன ஆனது? நேர்மையாகச் சொன்னால் அவருக்கு ஒரு நன்மை இருந்தது. வரி பச்சைத் தோலுக்கு மட்டும்தான், பதனிட்ட தோலுக்கு இல்லை. அதனால் அவரும் அதே 88க்குப் பச்சைத் தோலை வாங்கலாம், வரி எதுவும் கட்ட வேண்டாம். அமெரிக்கத் தொழிற்சாலையைவிட அவருக்கு 12 ரூபாய் மலிவு. ஆனால் லண்டன்காரரைவிட 4 ரூபாய் 40 காசு மட்டுமே மலிவு. அந்த 10 சதவீதத் தள்ளுபடி இல்லாமலிருந்தால் லண்டன்காரரும் கிட்டத்தட்ட 100 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். அதாவது உள்ளூர் தொழிலுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிப் போட்ட வேலியில், லண்டனுக்கு மட்டும் ஒரு கதவு திறந்துவைத்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே போட்ட கணக்கில் அமெரிக்க வியாபாரி 87க்காவது வாங்க வருவார் என்று வைத்துக்கொண்டோம். மாட்டுத்தோல் விஷயத்தில் அப்படி நிச்சயம் இல்லை, அது உலகம் முழுக்கக் கிடைக்கும் சரக்கு. இந்தியத் தோல் விலை கூடினால் வெளிநாட்டார் வேறு நாட்டுத் தோலுக்குப் போய்விடுவார்கள். வாங்குபவருக்கு மாற்று இருக்கும்போது ஏற்றுமதி வரி வாங்குபவர் தலையில் விழாது, உற்பத்தி செய்பவர் தலையில்தான் விழும். போதாததற்கு 1920இல் உலகச் சந்தையும் சரிந்தது.

1921-22இல் இப்ராஹிம் ரஹிம்துல்லா தலைமையில் இந்திய நிதிக் குழு இந்த வரியை ஆராய்ந்து, தொழிலைப் பாதுகாக்க ஏற்றுமதி வரி சரியான கருவி இல்லை, சாம்ராஜ்யத் தள்ளுபடியும் கூடாது என்று சொன்னது. 1923இல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது, தள்ளுபடி ஒழிந்தது. லண்டனுக்கும் 5, நியூயார்க்குக்கும் 5.

நான்கே வருடத்தில் இது எப்படி மாறியது என்று கேட்டால், அரசின் மனசு மாறியதால் அல்ல. வரி விஷயத்தில் இந்திய அரசும் இந்தியச் சட்டசபையும் ஒத்துப்போனால் லண்டன் தலையிடாது என்ற மரபு இந்த இடைவெளியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாதி அதிகாரம்தான், ஆனாலும் அதிகாரம்.

ஆரஞ்சுப் பழ வழக்கு

பிரிட்டன் மட்டும்தான் இப்படிச் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1898இல் ஸ்பெயினிடமிருந்து போர்ட்டோ ரிக்கோ தீவை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1900இல் போட்ட ஃபோரக்கர் சட்டம், அந்தத் தீவிலிருந்து வரும் சரக்குக்கு வெளிநாட்டுச் சரக்குக்குப் போடும் வரியில் 15 சதவீதத்தை விதித்தது. சான் ஹுவானிலிருந்து நியூயார்க் வந்த ஆரஞ்சுப் பழத்துக்கு டவுன்ஸ் என்ற வியாபாரி 659 டாலர் 35 சென்ட் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். அவர் கேள்வி நேரானது: தீவு அமெரிக்காவுடையது என்றால், நாடு முழுக்க ஒரே வரி என்று அரசியல் சட்டம் சொல்கிறதே, எனக்கு எப்படி வரி?

1901 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி இல்லை. சார்பு நிலப்பகுதி என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வரி அதே ஆண்டில் நீங்கிவிட்டது, ஆனால் தீர்ப்பின் அடிப்படை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஒட்டாவா, அப்புறம் காட்

1932இல் பிரிட்டன் பெரும்பாலான வெளிநாட்டுச் சரக்குக்கு 10 சதவீத வரி போட்டு, சாம்ராஜ்யச் சரக்குக்கு விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கு தொடர வேண்டுமானால் பதிலுக்கு நீங்களும் எங்கள் சரக்குக்குச் சலுகை கொடுங்கள் என்று கனடாவின் ஒட்டாவாவில் மாநாடு கூட்டினார்கள். இந்தியத் தூதுக்குழுவில் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர். இந்தியா பலவகை பிரிட்டிஷ் சரக்குக்குப் பெரும்பாலும் 10 சதவீதச் சலுகை தந்தது, பதிலுக்கு நம்முடைய தேயிலை, சணல், பதனிட்ட தோல் போன்றவற்றுக்கு அங்கே வழி திறந்திருந்தது.

இது நல்ல பேரமா என்று அப்போதே பெரிய விவாதம். நம் தோலுக்கு அங்கே கிடைத்தது புதிதாக ஒன்றுமில்லை, ஏற்கெனவே இருந்த வழியை அடைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். நாம் கொடுத்ததோ புதிய சலுகை. வரியைப் போட்டுவிட்டு, பிறகு உனக்கு மட்டும் விலக்கு என்று சொல்லி விலை பேசுவது இன்றைக்கும் நடக்கிற உத்தி. 1936இல் மத்திய சட்டசபை ஒட்டாவா உடன்பாட்டை முடித்துக்கொள்ளச் சொல்லி வாக்களித்தது, 1939இல் வேறு உடன்பாடு வந்தது.

1947 அக்டோபர் 30 அன்று 23 தரப்புகள் காட் ஒப்பந்தத்தை முடித்தன, இந்தியாவும் அதில் ஒன்று. முதல் பிரிவே எல்லோருக்கும் ஒரே வரி என்பதுதான். ஆனால் அதே பிரிவின் அடுத்த பத்தி, ஏற்கெனவே நடப்பில் இருக்கும் சாம்ராஜ்யச் சலுகைகளைப் பட்டியல் போட்டுத் தொடர அனுமதித்தது. பிரிட்டனுக்கு ஒரு பட்டியல், பிரான்ஸுக்கு ஒரு பட்டியல், அமெரிக்காவுக்கும் அதன் கீழ் இருந்த பகுதிகளுக்கும் ஒரு பட்டியல். சம நடத்தை என்ற கொள்கையும் காலனிச் சலுகை என்ற விலக்கும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

இன்றைய தீவுகள்

இப்போது ஃபாக்லாந்துக்குத் திரும்பலாம். டிரம்பின் பட்டியல் வந்து போனது, ஆனால் அந்தத் தீவை உண்மையில் இறுக்குவது வேறொரு வரி.

அந்தத் தீவின் வருமானத்தில் பாதிக்கும் மேல் மீன்பிடியிலிருந்து வருகிறது. முக்கியச் சரக்கு ஊசிக்கணவாய். அதில் மிகப்பெரும் பங்கு ஸ்பெயினின் வீகோ துறைமுகத்துக்குப் போகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை, உறுப்பு நாடுகளின் கடல்கடந்த பகுதிகளுக்கு இருந்த சலுகையில் இந்தச் சரக்கு வரியில்லாமல் போனது. பிரிட்டன் வெளியேறியபோது போட்ட வணிக ஒப்பந்தத்தில் பிரிட்டனின் சொந்த மீனுக்கு வரி இல்லை என்று முடிவானது. கடல்கடந்த பகுதிகள் அந்த ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. விளைவாக 2021 ஜனவரி 1 முதல் ஃபாக்லாந்து கடலுணவுக்கு வகையைப் பொறுத்து 6 முதல் 18 சதவீதம் வரி. வெளியேறலாமா என்ற 2016 வாக்கெடுப்பில் ஃபாக்லாந்து மக்களுக்கு வாக்கே கிடையாது.

இங்கே தோற்ற விதி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கரையோரக் கடலைத் தாண்டிப் பிடிக்கும் மீன், பிடித்த கப்பலின் கொடியைப் பொறுத்து ஒரு நாட்டின் சரக்காகிறது. ஒரே கடல், ஒரே கணவாய்க் கூட்டம். ஸ்பெயின் கொடி பறக்கும் கப்பலில் ஏறினால் அது ஐரோப்பியச் சரக்கு, வரி இல்லை. பக்கத்தில் நிற்கும் ஃபாக்லாந்து கொடிக் கப்பலில் ஏறினால் வரி. கடலின் சொந்தக்காரருக்குத்தான் வரி விழுகிறது.

ஃபாரோ தீவுகளின் கதை இன்னும் கடுமை. 2013 ஆகஸ்ட்டில், ஹெர்ரிங் மீனைத் தங்கள் பங்குக்கு மேல் பிடிக்கிறார்கள் என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் அவர்களுடைய ஹெர்ரிங், கானாங்கெளுத்தி வகை மீன்களை வாங்கத் தடை போட்டது. ஃபாரோ டென்மார்க்கின் ஆட்சிக்குள் இருக்கிறது, டென்மார்க்கோ ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர். தன் கீழே இருக்கும் தீவின் மீனைத் தன் துறைமுகத்திலேயே தடுக்க வேண்டிய நிலை டென்மார்க்குக்கு. அதே டென்மார்க் ஃபாரோ சார்பில் உலக வணிக அமைப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேல் வழக்கும் போட்டது. 2014இல் சமரசமாகித் தடை நீங்கியது. ஃபாரோவுக்கு அந்த அமைப்பில் தனி நாற்காலி இல்லாததால் டென்மார்க் மூலமாகத்தான் வழக்குப் போட முடிந்தது.

ஹாங்காங்குக்குத் தனி நாற்காலி உண்டு, 1986 முதல். 2020இல் அமெரிக்கா அதன் சரக்கில் சீனாவில் செய்தது என்று முத்திரை போடச் சொன்னபோது ஹாங்காங் தன் பெயரிலேயே வழக்குப் போட்டது. 2022 டிசம்பரில் விசாரணைக் குழு அதற்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது, மேல்முறையீட்டு அமைப்பு செயல்படாமல் கிடப்பதால் தீர்ப்பு அப்படியே தொங்குகிறது.

நம் ஷூவுக்கு இதில் என்ன?

இந்தியா இன்று யாருக்கும் கீழே இல்லை. ஆனாலும் சரக்குக்கு வரும் அடி அதே மாதிரிதான் இருக்கிறதே என்று 2025 ஆகஸ்ட்டில் ஆம்பூரில் பலருக்கும் தோன்றியிருக்கும். அமெரிக்காவில் தோல் ஷூவுக்கு வழக்கமான வரி ஆண்கள் ஷூவுக்குப் பெரும்பாலும் 8.5, மற்றவற்றுக்கு 10 சதவீதம். ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அதன்மேல் 50 சதவீதம் கூடியது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை. எண்ணெய் வாங்கியது வேறு யாரோ, வரி விழுந்தது ஷூவுக்கு.

ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது.

1. பேசும் உரிமை. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தில், 16 சதவீதம் வரை இருந்த காலணி, தோல் பொருள் வரியைப் பூஜ்ஜியமாக்க பிரிட்டன் ஒத்துக்கொண்டது. 1919இல் நம் தோலின் விலையை லண்டனுக்காகக் குறைத்த அதே வழித்தடம், இந்த முறை இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியது. பதிலுக்கு என்ன கொடுத்தோம் என்று நாடாளுமன்றத்தில் கேட்கலாம், ஃபாக்லாந்துக்காரர் கேட்க முடியாத கேள்வி அது.

2. ஏணியின் படி. வளர்ந்த நாடுகள் பச்சைத் தோலைப் பெரும்பாலும் வரியில்லாமல் உள்ளே விடும், முடித்த ஷூ என்று வந்தால் வரியை ஏற்றும். ஐரோப்பிய ஒன்றியத்தில் துணி மேல்பாகம் கொண்ட காலணிக்கு 17 சதவீதம் வரை. வங்கதேசம் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கான சலுகையில் அங்கே வரியில்லாமல் நுழைந்து வந்திருக்கிறது, வியட்நாம் 2020 ஒப்பந்தத்தால் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறது. அதனால் ஒரு ஆர்டர் கைநழுவினால் காரணம் எப்போதும் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்காது.

3. நெம்புகோல் நம் கையில். இதுதான் அதிகம் பேசப்படாதது. 1972இல் சீதாராமய்யா குழு சொன்னதைத் தொடர்ந்து, பச்சைத் தோலையும் பாதி பதனிட்டதையும் வெளியே விடாமல் கட்டுப்படுத்தி, முடித்த தோலும் ஷூவும்தான் போக வேண்டும் என்று இந்திய அரசே வழி போட்டது. இன்று ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் இருப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். 1919இன் அதே கருவி, ஆனால் கதவு யாருக்கும் திறந்துவைக்கப்படவில்லை.

அந்தக் கருவியை இப்போது தளர்த்துகிறார்கள். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் கிரஸ்ட் தோலுக்கு (பதனிட்டு உலர்த்தி, கடைசி மெருகு மட்டும் போடாத தோல்) இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியை நீக்கினார்கள், வெளியிலிருந்து வரும் வெட் ப்ளூ தோலுக்கு (குரோமியம் போட்டுப் பதனிட்டு ஈரமாகவே விட்ட தோல்) இறக்குமதி வரியையும் எடுத்துவிட்டார்கள். மேலே போட்ட அதே கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள். ஏற்றுமதி வரி போனால் கிரஸ்ட் விற்கும் தோல்ஷாப்புக்கு வெளிநாட்டு விலை முழுசாகக் கிடைக்கும், அதை வாங்கி ஷூ தைக்கும் கம்பெனிக்கு உள்ளூர் விலை ஏறும். வெட் ப்ளூ வரியில்லாமல் வந்தால் இருவருக்கும் மலிவு, ஆனால் உள்ளூர்ப் பச்சைத் தோலுக்குப் போட்டி. ஒரே மாவட்டத்துக்குள், சில நேரம் ஒரே தெருவுக்குள், ஒருவர் லாபம் இன்னொருவர் செலவு.

1921இல் நிதிக் குழு முன்னால் வணிகர்களின் குரல் எட்டியது. 2025 பட்ஜெட்டுக்கு முன்னால் ஏற்றுமதியாளர்களுக்கு மனு கொடுக்க அமைப்புகள் இருக்கின்றன. ஆட்டுத்தோலை உரித்து உப்பு போட்டு, குடியாத்தம் பக்கத்திலோ பேர்ணாம்பட்டிலோ மண்டிக்கு எடுத்துப்போகிறவருக்கு அன்றைக்கும் அமைப்பு இல்லை, இன்றைக்கும் இல்லை. இந்தக் கணக்கில் 12 ரூபாய் முதலில் கழிவது அவருடைய விலையில்தான்.